கட்டுத்துணியில் பெட்ரோல் வாசம்

எங்கள் தெருவுக்குக் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்ன பாட்டில் சோப்புத் தண்ணீர் வைத்திருப்பார். விருதுநகரில் வேறெந்தத் தெருவுக்கும் அவர் அதை எடுத்துப் போனதில்லை. எங்கள் தெருவின் நான்காவது வீட்டில் சிஸ்டர் இருந்தார். அதுதான் காரணம்.

முதல் தடவை அவர் சிலிண்டரை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது சிஸ்டர் வாசலை மறித்து நின்றுகொண்டு, "லேசா வாசம் வருதே" என்றாராம்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். மாட்டும்போது கொஞ்சம் வரும். சரியாயிரும்."

"ஒண்ணுமில்லன்னா எது இல்ல? ரப்பர் வாஷர் இல்லையா, இருக்கிற வாஷர் நல்லா இல்லையா? பேரு சொல்லுங்க."

அவர் சிரித்திருக்கிறார். சிஸ்டர் சிரிக்கவில்லை. துணி துவைக்க வைத்திருந்த வாளியிலிருந்து நுரையை அள்ளி ரெகுலேட்டரின் கழுத்தில் அப்பினார். நுரை மெல்ல உப்பி, ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வந்து உடைந்தது. வாஷரை மாற்றினார்கள். மறுபடி நுரை. இந்தத் தடவை உப்பவில்லை. அதற்குப் பிறகுதான் வாசலைவிட்டு நகர்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பாட்டில் சிலிண்டர்காரர் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை. ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டின் தலைமை நர்ஸ். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் "எதுக்குத் தம்பி என் பேரு, விசயத்தச் சொல்லுங்க" என்பார். அதனால் எழுதவில்லை.

குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி. நடந்தால் பின்னால் போகிறவர் ஓட வேண்டும். காலைச் சாப்பாட்டை அடுப்படியில் நின்றுகொண்டே முடித்துவிடுவார். அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். ஊரிலேயே உரக்க விசில் ஊதக்கூடியவர், ஆனால் வீட்டில் அவர் குரலை நாங்கள் கேட்டது அபூர்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது சிஸ்டர் எழுந்துபோய், பெண்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சித்திரை வெயில். சர்ச் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிவந்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர், அது பழைய ஃபேன், அப்பிடித்தான் வாடை அடிக்கும்" என்று மறுபடி மாட்டப் போனார். சிஸ்டர் பிளக்கைக் கையில் பிடித்தபடியே போதகரைப் பார்த்து, "நீங்க பிரசங்கத்தச் சொல்லுங்க ஐயரே, நாங்க வேர்த்துக்கிட்டே கேக்கோம்" என்றார். அன்று முழுப் பிரசங்கமும் அவர் அந்தப் பிளக்கை விடவில்லை. மறுநாள் விசிறியைப் பிரித்தபோது உள்ளே சுருள் கரியாய்க் கிடந்தது என்று பி.டி. சார் பிறகு சொன்னார். சிஸ்டர் சொல்லவில்லை. தான் ஜெயித்த கதையைச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

எதற்காக 'ஒண்ணுமில்ல' என்கிற அந்த ஒரு வார்த்தையின் மேல் அவ்வளவு கோபம் என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அப்போது அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணைச் சாலையைவிட்டு எடுக்காமல் சொன்னார்.

"எங்க வார்டுக்கு வர்றவுக, வலி கொறஞ்சு பேச ஆரம்பிச்சாகன்னா எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்லுவாக தம்பி. ரூமு சூடா இருக்குன்னு சொன்னேன் சிஸ்டர், ஒண்ணுமில்ல வேலையப் பாருன்னாக. பட்டாசுக்குக் கலக்குற மருந்து ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னேன், ஒண்ணுமில்லன்னாக. ஸ்டவ்வுல வாசம் வருதுன்னேன், ஒண்ணுமில்லன்னாரு வீட்டுக்காரரு. இருவத்திரெண்டு வருசமா நான் அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் கட்டுக் கட்டிக்கிட்டிருக்கேன்."



கார் விஷயத்துக்கு வருகிறேன். நாற்கர சாலை வேலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. செல்போனில் மிஸ்டு கால் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் வாத்தியார், நர்ஸ், ஆபீஸ் வேலைக்காரர்கள் எல்லாம் முதன்முதலாகக் கார் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் சூப்பர்வைசர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். சிஸ்டர் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினார். அதைப் பார்த்த ஆசையில் இரண்டே மாதத்தில் அதே மாடலை நீல நிறத்தில் நானும் வாங்கினேன். எங்கள் பரம்பரையில் முதல் கார். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுத் தெருவுக்குள் கொண்டுவந்தபோது நான் தரையில் நடக்கவில்லை.

சிஸ்டர் நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். சொல்லிக்கொடுக்க வந்தவர் பிரேக், கிளட்ச் என்று ஆரம்பித்தால், இவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொன்னாராம். "உள்ள என்ன எங்க இருக்குன்னு தெரியாம எப்பிடிங்க ஒரு ஆளத் தொடுறது?" என்று கேட்டாராம்.

ஓர் ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போக மனைவியையும் இரண்டு மகள்களையும் காரில் ஏற்றிவிட்டேன். சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தவர், என் காரைக் கடக்கும்போது நின்றார். குனிந்தார்.

"தம்பி, பெட்ரோல் வாசம் வருது. எங்க வண்டிலயும் ஒரு மாசமா இதே வாசந்தான். மதுரைக்குக் கொண்டுபோய் மூணு தடவ காமிச்சாச்சு. இன்னைக்கு இதுல போகாதீக. பஸ்ஸுல போங்க."

குழந்தைகள் பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதுக் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போவதா? "ஒண்ணுமில்ல சிஸ்டர். புது வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. மறுபக்கம் போய் என் மனைவியின் ஜன்னலில் குனிந்தார்.

"தாயி, நீ கேட்டுக்கோ. வழியில வாசம் கூடுச்சுன்னா பேசிக்கிட்டிருக்காத. வண்டிய நிப்பாட்டச் சொல்லிப் பிள்ளைகளோட எறங்கிரு. பையி, பழம், தட்டுன்னு எதையும் எடுக்கத் திரும்பாத."

சாத்தூர் தாண்டியதும் வாசம் கூடியது. சின்னவள் குமட்டினாள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி, "நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். பத்து வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே அவள் கதவைத் திறந்து இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த வேலிக்கருவை மரத்தடிக்குப் போய்விட்டாள். அர்ச்சனைத் தட்டு சீட்டிலேயே கிடந்தது.

நான் இன்ஜினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். ஒரு ரப்பர் குழாயின் முனையிலிருந்து நூல் மாதிரி மெல்லிசாகப் பெட்ரோல் பீய்ச்சி, கொதிக்கிற இரும்பில் பட்டு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது சைக்கிளில் வந்த ஒருவர் உதவிக்கு வருகிறவராய்ப் பக்கத்தில் வந்து, "என்னண்ணே ரிப்பேரா?" என்றார். அவர் வாயில் பீடி எரிந்துகொண்டிருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி அலறினாள். "பீடி! பீடி! பெட்ரோலு ஊத்துதுண்ணே, ஓடுங்க!"

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பீடியோடு ஓடினார். நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். ஒன்றும் பற்றவில்லை. குழாயிலிருந்த அழுத்தம் தீர்ந்து கசிவு தானாக நின்றது. எங்கள் அதிர்ஷ்டம் அன்று அவ்வளவு இருந்தது. கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சிஸ்டர் பேசினார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற பேச்சே இல்லை. சாத்தூர் மெக்கானிக் கட்டியிழுத்துக் கொண்டுவந்த என் காரையும் தன்னுடைய காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டிலும் அந்த ரப்பர் குழாய், இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில் புழுதி ஈரமாக அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் புழுதி உலர்ந்து வெளுத்துக் கிடந்தது.

"சீழ் வச்ச புண்ணு மாதிரி இருக்கு பாத்தீகளா?" என்றார்.

பிறகு அவர் செய்ததை மெக்கானிக் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இன்ஜின் ஆறியிருந்த நேரம், தன் காரில் அந்த இணைப்பின் மேல் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பி.டி. சார் ஒரு வாளி மணலோடு நின்றார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்தார். ஆறியதும் கட்டை அவிழ்த்தார். துணி நனைந்திருந்தது. அதை ஒரு கண்ணாடி மருந்து பாட்டிலில் போட்டு இறுக மூடினார். "உள்ள ரத்தம் கசியுதான்னு கட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவோம். வண்டிய இந்த மதுரைக்காரவுக கழுவித் தொடச்சிட்டுப் பாக்காக. கழுவிட்டுப் பாத்தா எந்தப் புண்ணு தெரியும்?"

அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய இளைஞர் பாட்டிலை மோந்து பார்த்தார். பிறகு சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்து, "மேடம், இதுல பெட்ரோல யாரு ஊத்துனா?" என்று கேட்டார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சிஸ்டர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விருதுநகர் பஸ்ஸில் திரும்பினோம். கள்ளிக்குடி வந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தம்பி, உங்க பிரஸ்ஸுல கழிவுத் தாள் கெடைக்குமா?"

கிடைத்தது. நிறம் பிசகி ஒதுக்கிய லேபிள்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. முதலாளியிடம் சொல்லிவிட்டு அவற்றின் பின்பக்கத்தில் அச்சடித்தேன். ஒரு பக்கம் பாதி மயில் அல்லது கால் சங்குசக்கரம். மறுபக்கம் சிஸ்டர் சொன்ன வாசகம்: 'உங்கள் காரில் பெட்ரோல் வாசம் வருகிறதா? எங்கள் காரிலும் வருகிறது. கூப்பிடுங்கள்.' கீழே அவர் வீட்டுத் தொலைபேசி எண்.

விடுமுறை நாட்களில் அவரும் பி.டி. சாரும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்று சுற்றி, அதே மாடல் கார் எங்கே நின்றாலும் வைப்பரில் ஒன்றைச் செருகினார்கள். கல்யாண மண்டப வாசல், கோயில் வாசல், பல் டாக்டர் வீட்டு வாசல். அதுவரை மாடலின் பெயர்கூடச் சரியாக உச்சரிக்க வராத பி.டி. சார், அதன் பின்விளக்கை ஒரு பர்லாங் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் ஆளாகிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பதினோரு பேர் கூடினோம். பத்துக் கார்கள் வந்தன. பதினோராவது ஆள் ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிற இன்ஜினியர். அவருடைய கார் வீட்டு வாசலில் நின்றபடியே பட்டப்பகலில் எரிந்துபோயிருந்தது. சற்று முன்னால்தான் அவருடைய மனைவி அதிலிருந்து இறங்கி உள்ளே போயிருந்தார்.

"கம்பெனில இருந்து ஆள் வந்து பாத்தாங்க. எலி கடிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

இன்னும் இரண்டு பேர் தங்கள் பையிலிருந்து அதே மாதிரித் தாளை எடுத்தார்கள். அவர்கள் காரில் கசிவு மட்டும்தான், அதற்கும் எலி.

சிஸ்டர் பத்துக் கார்களின் பானெட்டையும் திறக்கச் சொன்னார். டார்ச்சோடு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஏழில் அதே இடத்தில் ஈரப் புழுதி. நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாத்தூர் எலியும் ஆலங்குளத்து எலியும் பேசி வச்சுக்கிட்டா ஒரே எடத்துல கடிக்கும்?" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வீடு எரியப் பார்த்த அந்த இன்ஜினியரும் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததாம்.

பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து நான்கு வரிப் பதில் வந்தது. எங்கள் பகுதியில் வெயிலும் எலித்தொல்லையும் அதிகமாம். உரிமையாளர்கள் வண்டியைச் சரிவரப் பராமரிக்க வேண்டுமாம். வாகனத்தில் ஒன்றுமில்லையாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழே சிஸ்டர் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். வழக்குப் போடலாம் என்றார் எங்களில் ஒருவரான பல் டாக்டர். போடலாம், ஆனால் வருடக் கணக்காகும், அதுவரைக்கும் எத்தனை பேர் இதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று கேட்டார் சிஸ்டர்.

மறுநாள் அவர் என்னை அழைத்துக்கொண்டு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனார். வாடகைக் காரையும் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். முதலாளியைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் ஃபோர்மேனைக் கேட்டார்.

ஐம்பது வயது மனிதர் வந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் வலது கையை முன்னால் நீட்டினார். முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி மினுங்கியது. வணக்கம் சொல்லுவதற்கு முன்னால் கையைத்தான் காட்டினார். சிஸ்டர் அதைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா மடங்குதே" என்றார்.

"நீங்க அழ அழப் பயிற்சி குடுத்த கை, மடங்காம எங்க போகும்? வாங்க, உக்காருங்க. என்ன சிஸ்டர் இம்புட்டுத் தூரம்?"

சிஸ்டர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவர் மோந்த வேகத்தில் முகத்தைப் பின்னால் இழுத்தார். எங்கிருந்து எடுத்தது என்று சிஸ்டர் சொன்னதும் அவருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வொரு ஆளும் உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வருகிற இடம் அது. செருப்பில் ஆணி இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிற இடம்.

"இந்த வண்டியா? வடக்க இருந்து வர்ற ஏசென்டுமாரு பாதிப்பேரு இதுலதான வந்து ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுதாக!" என்றார். எழுந்து நின்றுவிட்டார்.

"அதான் வந்தேன். நான் உங்களுக்கு எந்த யோசனையும் சொல்லல. வாசத்தக் காட்டத்தான் வந்தேன்."

அன்று மாலைக்குள் அந்த ஆலை கேட்டில் ஒரு கரும்பலகை ஏறியது. மாடலின் பெயரை எழுதி, 'பெட்ரோல் கசிவு. உள்ளே வர அனுமதி இல்லை' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் அந்த வாரம் ஒன்பது ஆலைகளுக்குப் போனார். ஒன்பதிலும் அவர் கட்டுக் கட்டிய ஒரு கையோ காலோ இருந்தது. மற்ற ஆலைகளுக்கு அவர் போக வேண்டியிருக்கவில்லை. பட்டாசு ஊரில் ஒரு கேட்டில் எழுதியதை அடுத்த கேட்காரர் படிக்காமல் விடமாட்டார்.

அது தீபாவளி ஆர்டர் பிடிக்கிற சீசன். வெளியூர் ஏஜெண்டுகள் கேட்டில் இறங்கி வெயிலில் நடந்தார்கள். திரும்பிப் போன ஊரிலெல்லாம் காரணத்தைச் சொன்னார்கள். பட்டாசுக்காரனே பயப்படுகிற கார் என்று பேச்சு பரவிற்று. மதுரை ஷோரூமில் முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்தார்கள். மூன்றே வாரத்தில் கம்பெனியிலிருந்து சிஸ்டர் வீட்டுக்குப் போன் வந்தது.

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் ஒரு இன்ஜினியரும் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில்தான் சந்திப்பு. பதினோரு பேர் வந்தது போய் அன்று நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தோம். ஃபோர்மேன் வந்திருந்தார். காஸ் சிலிண்டர்காரர்கூட வந்திருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் பேசினார். சிஸ்டரைத் தனியே அழைத்து, அவருக்கும் முதலில் கையெழுத்திட்டவர்களுக்கும் புதுக் காரே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"மத்தவுகளுக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார் சிஸ்டர்.

"மற்ற வண்டிகளில் பிரச்சினை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை, மேடம்."

"சரி. நீங்க எந்த வண்டில வந்தீக?"

மைதானத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் பளபளவென்று அதே மாடல் நின்றது. மதுரை ஷோரூமின் வண்டி. ஆறு மாதம்கூட ஆகாதது. சிஸ்டர் கைப்பையைத் திறந்து ஒரு கட்டுத்துணிச் சுருளை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினார்.

"நான் தொட மாட்டேன். ஊத்துனேன்னு சொல்லுவீக. நீங்களே கட்டுங்க."

அந்த இன்ஜினியருக்கு முப்பது வயதிருக்கும். அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். நாற்பது பேரின் முகத்தையும் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து கட்டினார். முடிச்சு சரியாக வரவில்லை. சிஸ்டர் தொடாமலே விரலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார். பி.டி. சார் மணல் வாளியோடு போய் நின்றார். இன்ஜின் ஓடியது. அணைத்தார்கள். மறுபடி ஆறட்டும் என்றார் சிஸ்டர். ஒருவேளை இந்த வண்டி நல்ல வண்டியாக இருந்துவிட்டால்?

இன்ஜினியர் கட்டை அவிழ்த்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மோந்தார். இன்னொரு முறை மோந்தார்.

அதிகாரி, "என்ன?" என்றார்.

"இருக்கு சார்."

சிஸ்டர் இரண்டடி முன்னால் வந்தார். "என்ன இருக்கு? பேரு சொல்லுங்க தம்பி."

அந்தப் பையன் நிமிர்ந்து, அதிகாரியைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். "கசிவு, மேடம். பெட்ரோல் கசிவு. குழாயோட இணைப்புல. இது தயாரிப்புக் குறை."

பி.டி. சார் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். நாற்பது பேரும் கத்தினோம். ஆலங்குளத்து இன்ஜினியர் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் மனைவி அழுதாள்.

அதோடு முடியவில்லை. இலவசப் பரிசோதனை முகாம் நடத்துகிறோம் என்றார் அதிகாரி. முகாம் என்றால் ஓய்வாக இருப்பவன் மட்டும் வருவான் என்றார் சிஸ்டர். உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றார் அதிகாரி. மற்ற மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு என்ன, வேறு தோலா என்று கேட்டார் சிஸ்டர். கடைசியில் நாடு முழுக்க விற்ற அத்தனை கார்களையும் திரும்ப அழைத்து, குழாயை மாற்றித் தருவதாகச் சம்மதித்தார்கள். வேறு ஊர்களில் எரிந்த இரண்டையும் சேர்த்து, எரிந்த மூன்று கார்களுக்குப் புதுக் கார்கள். பத்திரிகையில் அறிவிப்பும் வரும்.

அறிவிப்பின் வரைவு வந்தபோது, அச்சுத்தாள் திருத்துகிறவன் என்பதால் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். 'வாடிக்கையாளர் நலன் கருதி, முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக' என்று தொடங்கியிருந்தது. நான்கு பத்திகளைப் படித்து முடித்தாலும் காருக்கு என்ன கோளாறு என்று தெரியாது.

"இதுல கசிவு எங்க தம்பி இருக்கு?"

"இல்ல சிஸ்டர்."

"தீ?"

"அதுவும் இல்ல."

சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். முதல் வரியிலேயே 'பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கக்கூடும்' என்று எழுதினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் அதே வரியை அதே இடத்தில் எழுதி அனுப்பினோம். மூன்றாம் முறை அது அப்படியே பத்திரிகையில் வந்தது. ஆயிரக்கணக்கான லேபிள்களை அச்சிட்டிருக்கிறேன். அச்சில் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

விருதுநகரில் குழாய் மாற்றிய முதல் நாள் பைபாஸ் ஓரத்தில், இதற்கென்று கம்பெனி தற்காலிகமாகத் திறந்த சர்வீஸ் சென்டர் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. கோவில்பட்டி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பத்திரிகையில் பார்த்ததும் வண்டியைத் தொடவே பயமாக இருந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் சிஸ்டர். "சரியாப் போச்சு தாயி, இனிமே பயமில்லாம ஓட்டு" என்று மட்டும் சொல்லிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். தான் யாரென்று சொல்லவில்லை. தன் வண்டியை வரிசையில் கடைசியாக விடச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் ஃபோர்மேன் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். பத்தாயிரம் வாலா சரவெடி. "வேலி தாண்டித்தான் போடணும். பெட்ரோல் வண்டி நிக்கிற எடம்" என்று சிஸ்டர் அவருக்கே பாடம் சொன்னார். எதிர்ப்பக்கம் வெகுதூரம் தள்ளியிருந்த காலி நிலத்துக்கு அனுப்பினார். தண்ணீர் இரண்டு வாளி, மணல் இரண்டு வாளி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மண்ணைத் தூவிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரி என்று அங்கிருந்து ஃபோர்மேன் கையைத் தூக்கிக் காட்டியதும், சிஸ்டர் சர்வீஸ் சென்டர் தாழ்வாரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எல்லாரும் சாலையோரம் வந்து நின்றோம். திரி பற்றியது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி வெடி சடசடவென்று ஓட ஆரம்பித்தது. புகை எழுந்தது. டிரைவர்கள், மெக்கானிக்குகள், ஷோரூம் ஆட்கள் எல்லாம் கைதட்டினார்கள். வெடிக்கிறதைச் சிஸ்டர் பார்க்கிறாரா என்று நான் திரும்பினேன்.

தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி மூக்குநுனிக்கு இறங்கியிருந்தது. ஆழ்ந்த தூக்கம். மெக்கானிக் ஒருவர் சாவியோடு வந்து, "மேடம், உங்க வண்டி ரெடி" என்றார். பி.டி. சார் உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்தார். கண்ணாடியை மெதுவாகக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு முகத்தில் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

வெடி முழுவதும் தீர்ந்து, புகை கலைந்து, வெளியூரிலிருந்து வந்த கடைசிக் காரும் கிளம்பிப் போனது. சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. அவரோடு முதலில் கையெழுத்துப் போட்ட நாங்கள் பத்துப் பேரும் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் விழிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.